அம்மா தந்த பொழுது

ஏழ்மையில் வளர்ந்து எழுத வந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் தாயின் தியாகம் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அந்தத் தாய் குறிப்பாக எதைக் கொடுத்தாள் என்பதை யாரும் விரித்து எழுதுவதில்லை. அரைவயிறு உண்டு படிக்க வைத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், அவள் கொடுத்தவற்றுள் அரியது பொழுது. இல்லாத வீட்டில் பணத்தைப் போலவே பொழுதுக்கும் எப்போதும் பற்றாக்குறைதான். ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால், அந்த நேரத்துக்கான வேலையை வேறொருவர் சுமந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா சுமந்தாள். தண்ணீர் எடுக்கவோ பாத்திரம் கழுவவோ யாராவது என்னை அழைத்தால், “அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்” என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போய்வந்த களைப்போடு தானே எழுந்து போவாள். என் கையில் இருந்தது பாடப் புத்தகமல்ல, கதைப் புத்தகம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பெண்பிள்ளைக்குக் கதை எதற்கு என்று கேட்டவர்கள் நடுவில், படிப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்த ஒற்றை வாக்கியத்தால் அவள் நிலைநாட்டினாள். எழுத்தை ஒரு வேலையாக மதித்து உட்காரும் துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் இளமையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். 1913இல் அல்ஜீரியாவில் பிறந்த அவர், மறு ஆண்டே தந்தையைப் போரில் இழந்தார். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கவும் தெரியாது. பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். பேரனை வேலைக்கு அனுப்ப நினைத்த பாட்டியிடம் லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் எடுத்துச் சொன்னதால்தான் படிப்பு தொடர்ந்தது. 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தாய்க்கு அடுத்தபடியாகத் தன் நினைவுக்கு வந்தவர் அவரே என்று காம்யு அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

1960இல் காம்யு கார் விபத்தில் இறந்தபோது உடனிருந்த முற்றுப்பெறாத நாவல் 1994இல் வெளிவந்தது. தன் இளமையை ஒட்டி எழுதிய அந்த நூலை, அதை ஒருபோதும் படிக்க இயலாத தாய்க்கே அவர் படைத்திருந்தார். மகன் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தின் பக்கத்தை, துணி துவைத்துச் சுருங்கிய விரல்களால் அந்தத் தாய் தடவிப் பார்க்கும் இடம் அதில் வருகிறது. என்னால் எளிதில் கடக்க முடியாத இடம் அது. எந்த வாசிப்புக்காகத் தாய் தன் பொழுதை விட்டுக்கொடுத்தாளோ, அந்த வாசிப்பே பிள்ளையை அவள் வர முடியாத இடத்துக்கு அழைத்துப் போய்விடுகிறது. அந்தத் தொலைவை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

எல்லாத் தாய்மாராலும் இப்படிக் கொடுக்க முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1824இல், தம் 12ஆம் வயதில், காலணி மெருகு தயாரிக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். பின்னர் அங்கிருந்து மீண்டபோதும், திரும்ப அனுப்பலாம் என்றே தாய் விரும்பினார். அந்த வலி கடைசிவரை டிக்கன்ஸை விட்டு நீங்கவில்லை. கடனில் மூழ்கிய குடும்பத்தின் அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொடுத்த தாயும் இயல்பாகவே கொடுத்துவிடவில்லை, யோசித்து முடிவெடுத்துத்தான் கொடுத்தாள் என்பது இங்கேதான் எனக்குத் தெளிவாகிறது. அதைத் தாய்மையின் இயல்பு என்று சொல்லித் தெய்வமாக்கிவிட்டால், அவள் எடுத்த அந்த முடிவும், அவளுக்குப் படிக்கும் வாய்ப்பு ஏன் மறுக்கப்பட்டது என்ற கேள்வியும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன.

ஆகவே, தாயைப் பற்றி எழுதுபவர்கள் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன வேலை செய்தாள், எதற்கு ஆசைப்பட்டாள், எதற்குக் கோபப்பட்டாள் என்று எழுத வேண்டுமென விரும்புகிறேன். நான் எழுதியவற்றை இப்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். தன்னைப் புகழும் வரிகளை அவள் பொருட்படுத்துவதே இல்லை. தான் செய்த வேலையை நான் தவறாக விவரித்திருந்தால் மட்டும் உடனே நிறுத்தித் திருத்துகிறாள்.