கருவாட்டுக் கடை என்றால் கதவு வேண்டாமா?

நம் கருவாட்டுக் கடையின் ஆன்லைன் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நம் கடைக் குழுவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலை நான்காவது ஆளாக ஒருவர் "அக்கா, இன்னும் கோபமா?" என்று கேட்டதும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோபம்தான். எதற்குக் கோபம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம் கடைக்கு விளம்பரம் பார்க்கிற தம்பி நான்கு ஸ்கிரிப்ட், அதாவது பக்கம் திறந்ததும் பிரவுசரில் ஓடும் சின்ன நிரல்கள், அனுப்பி, "எல்லாப் பக்கத்துலயும் போட்டுடுங்கக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். விளம்பரம் பார்த்து யார் வந்தார்கள் என்று விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் பிக்ஸல், மற்ற ஸ்கிரிப்டுகளை வெளியிலிருந்தே ஏற்ற உதவும் டேக் மேனேஜர், வருகிறவர்களோடு பேசும் சாட் பெட்டி, அப்புறம் தளத்துக்கு வருகிறவர்கள் எங்கே தொடுகிறார்கள், என்ன தட்டுகிறார்கள் என்று படம்பிடிக்கும் கருவி. முன்பக்கத்தில் பிக்ஸல் போடுகிறேன், ஆர்டர் பக்கத்தில் எதுவும் போட மாட்டேன் என்றேன். எந்த இணைய முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்று பிரவுசருக்குச் சொல்லிவைக்கிற சிஎஸ்பி நம் தளத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். உடனே வந்தது அந்தக் கேள்வி: "யாருக்கா நம்ம கருவாட்டுக் கடையப் போய் ஹேக் பண்ணப் போறான்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெளியாள் ஸ்கிரிப்டை நம் பக்கத்தில் போட்டால், அது எண்ணிக்கை மட்டும் பார்க்கும் என்று பிரவுசருக்குத் தெரியாது. நாம் எழுதிய நிரலுக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம் அதற்கும் கிடைக்கும். படிவத்தில் தட்டுகிற பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் படிக்கலாம். பட்டன் எங்கே போக வேண்டும் என்பதையே மாற்றலாம். அந்தக் கோப்பு இருப்பதோ அவர்கள் சர்வரில். இன்றைக்கு நல்ல கோப்பு, நாளைக்கு வேறு கோப்பு. மாற்றினால் நமக்குத் தகவல்கூட வராது.

மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் கரையில் நின்று கணக்கெடுப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எந்தப் படகில் என்ன மீன், எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். கணக்கெடுக்க வந்தவர் கையில் யாராவது சுக்கானைக் கொடுப்பார்களா? ஆர்டர் பக்கத்தில் வெளியாள் ஸ்கிரிப்ட் போடுவது அதுதான். கணக்கு வேண்டுமா, கரையில் நின்றே எடுக்கலாம். நம் சர்வர் பதிவேட்டிலேயே எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்று இருக்கிறது. ஒவ்வொரு விளம்பர இணைப்பின் வாலிலும் ஒரு குறிச்சொல் சேர்த்துவிட்டால், எந்த விளம்பரத்தால் எத்தனை ஆர்டர் வந்தது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது ஒரு கட்டைவிரல்.

"பெரிய பெரிய கம்பெனிகள் போடுறாங்களே" என்கிறார்கள். போட்டவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? 2018-இல் டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் பணம் கட்டும் பக்கத்தில் வெளிநிறுவனம் ஒன்றின் சாட்பாட் வைத்திருந்தது. திருடர்கள் டிக்கெட்மாஸ்டரை உடைக்கவில்லை, சாட்பாட் ஸ்கிரிப்டை மாற்றினார்கள். பணம் கட்டியவர்களின் கார்டு விவரம் போய்விட்டது. பிரிட்டனில் 2020-இல் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள், டிக்கெட்மாஸ்டருக்குத்தான். தம்பி கேட்டதும் சாட் பெட்டிதான். பழைய பிரவுசர்களிலும் தளம் ஓட உதவும் பாலிஃபில் என்ற இலவச ஸ்கிரிப்டை லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நம்பிப் போட்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த ஸ்கிரிப்ட் வருகிற இணைய முகவரி கைமாறியது. ஜூன் மாதம் பார்த்தால், செல்போனில் வந்தவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. தளங்களை நடத்தியவர்கள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

கோப்பின் கைரேகையைப் பதிந்துவைத்து, மாறியிருந்தால் ஓட்டாதே என்று பிரவுசரிடம் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் பிக்ஸல் மாதிரிக் கோப்புகளை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். கைரேகை போட்டால் அடுத்த மாற்றத்தோடு நின்றுவிடும். டேக் மேனேஜர் இன்னும் மோசம். அதை ஒருமுறை உள்ளே விட்டால், அதன் பாஸ்வேர்டு வைத்திருக்கிறவர் எந்த ஸ்கிரிப்டை வேண்டுமானாலும் ஏற்றலாம். என் கண்ணில் படவே படாது.

நான் படித்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சில வருஷம் முன்பு ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதிக்குத் தளம் செய்து கொடுத்தேன். ஓனர் ஆசைப்பட்டார் என்று, வந்தவர்களை எண்ணிக் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சேர்த்தேன். அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், முகவரியை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அதிகாலை நான்கு மணிக்குப் போன். தகப்பனுக்குத் திதி கொடுக்க ரூம் தேடினவர்களுக்கு ஆபாசப் படம் வருகிறது. "என்னம்மா செஞ்சு வச்சிருக்க?" என்று அந்தப் பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போட்டது என் கை. அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

"பணம் கேட்வேயில்தானே போகுது, நமக்கென்ன பயம்?" கேட்வே என்பது பணம் வாங்கித் தரும் வெளிநிறுவனத்தின் பக்கம். அங்கே போகிற பட்டன் நம் பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றிப் போலிப் பக்கத்துக்கு அனுப்பினால் யார் கண்டுபிடிப்பது?

"விளம்பரம் இல்லாமல் எப்படி விற்பது?" நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது ஆன்லைன் ஆர்டர்தான் பல வீடுகளுக்கு அடுப்பு. அது தெரிந்துதான் முன்பக்கத்தில் போடலாம் என்று ஒத்துக்கொண்டேன். விளம்பரமே வேண்டாம் என்று நான் சொன்னதாகப் பரப்புகிறவர்கள் என் மூன்று பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்களே முகநூலில்தானே இருக்கீங்க?" ஆமாம், இருக்கிறேன். என் விவரத்தை நான் கொடுத்தேன். நெத்திலி அரைக் கிலோ கேட்டு வருகிற மதுரைக்காரரின் விவரத்தைக் கொடுக்க நான் யார்? 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். எனக்குச் சட்டத்தை விட வேறொன்று உறுத்துகிறது.

என் அம்மா தலைச்சுமையாகக் கருவாடு விற்றவர். தங்கச்சிமடத்திலிருந்து பரமக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போவார். பாதி வியாபாரம் கடன். யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ராத்திரி அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். எழுதி முடித்ததும் நோட்டைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பார். அப்பாவுக்குக்கூடக் காட்டியதில்லை. "ஒரு வீட்டுக் கடன் அடுத்த வீட்டுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அந்தத் தெருவுக்குள்ள எப்படிடி நுழையிறது?" என்பார். தட்டுவதையெல்லாம் படம்பிடிக்கும் கருவியை ஆர்டர் பக்கத்தில் போடு என்று சொன்னபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் "கருவாட்டுக் கடைதானே" என்ற வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. சென்னையில் ஏசி ரூமில் நடக்கிற கடையாக இருந்தால் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வெயிலில் சீலாவைக் கீறிக் காயப்போடுகிற பெண்களின் கடை என்பதால் திருட ஒன்றுமில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோமா? சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் அந்தப் பெண்களின் பிள்ளைகள். அதுதான் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

நாளைக் கூட்டத்துக்கு வருகிறேன். அந்த மூன்று பக்கத்தை இருபது பிரதி எடுத்துவிட்டேன். தம்பி, நீயும் வா, உன் விளம்பரக் கணக்குக்கு என்ன வேண்டுமோ எழுதிக்கொண்டு வா, பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன். அதுவரை சிஎஸ்பி இருந்த இடத்திலேயே இருக்கும்.