படம் யாருக்குச் சொந்தம்?

போட்டோக்களின் உரிமை பற்றிய ஒரு கட்டுரையில் ‘படம் எடுத்தவருக்கே எப்போதும் பதிப்புரிமை’ என்று இருந்தது. அது முழுக்கச் சரியில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவருக்கே சொந்தம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு கேட்லாக்குக்கென்று ரேட் பேசி எடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதே படம் அவிநாசி ரோட்டில் ஹோர்டிங்காக நிற்கிறது! கேட்டால், “அதான் காசு குடுத்துட்டமுங்களே” என்றார் முதலாளி. சட்டமும் அவர் பக்கம்தான், என்ன சொல்ல? இப்போதெல்லாம் கொட்டேஷனிலேயே ‘உரிமை என்னுடையது, கேட்லாக், வெப்சைட்டுக்கு மட்டும், ஒரு வருடம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கேமராவையே எடுக்கிறேன். அப்புறம், உரிமை கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் கம்பெனி என் படத்தை வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அனுப்பினால் தனி ரேட்.