முதற்குடிகள் கல்லில் யார் பெயர்?

எங்கள் வாய்க்கால் சனசமூக நிலையத்திலிருந்து போன கிழமை ஒரு படிவம் வந்தது. ஊர் தொடங்கிய காலத்துக் குடும்பங்களின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் வைக்கப் போகிறார்களாம். கூடவே ஒரு நினைவு மலரும் வருமாம். படிவத்தில் கேட்டது: அப்பப்பாவின் பெயர், பிறந்த ஊர், இங்கே வந்த ஆண்டு, பெர்மிட் இலக்கம் (அரசாங்கம் காணி கொடுத்த அனுமதிப் பத்திரத்தின் இலக்கம்), ஒரு படம். மற்றதெல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பெர்மிட் இலக்கத்தில் பேனை நின்றுவிட்டது.

இலக்கம் தெரியாமல் இல்லை. அந்தக் கடதாசியை அப்பம்மா கடைசிச் சண்டையிலும் விடவில்லை. இரண்டு சொப்பிங் பையில் சுற்றி, இடுப்புச் சீலையில் செருகிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் கொண்டு போனா. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, வியர்வையில் மை ஊறி, அப்பப்பாவின் பெயரில் பாதிதான் இப்போது வாசிக்கலாம். அந்தக் கடதாசியின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: பெர்மிட் இல்லாதவன் இந்த ஊருக்கு வரவே இல்லையா?

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். யாழ்ப்பாணத்தில் காணி காணாது, வேலை இல்லை என்று 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கினார்கள். அதற்கு முதல் வருடம்தான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. பெர்மிட்டும் அதோடு வந்தது. ஆனால் தண்ணி இல்லாமல் குடியேற்றம் ஏது? இரணைமடுக் குளத்து வேலை 1902இலேயே தொடங்கிவிட்டது. முடிய இருபது வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. 1905இல் காங்கேசன்துறை வரை றெயில் பாதையும் இந்தக் காட்டுக்குள்ளால்தான் போனது. அந்த அணைக்கு மண் சுமந்தவர்களும் தண்டவாளத்துக்குக் கல் போட்டவர்களும் நுளம்புக்கடிக்குள் கொட்டில் போட்டு இருந்தவர்கள்தானே. கிளிநொச்சிக்கு முதலில் குடி வந்தவர்கள் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன். எந்த மலரிலும் அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

‘நாங்கள் வரேக்க வெறும் காடு’ என்று அப்பப்பா சொல்வார். எல்லோருடைய அப்பப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பாலையும் முதிரையும் வீரையும், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் யானை. அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை; மலேரியாவில் ஒரு பிள்ளையைக் கொடுத்த மனுசன். ஆனால் வெறும் காடு என்பது சரியில்லை. உருத்திரபுரத்துச் சிவன் கோயிலில் இருக்கிற சதுர ஆவுடையாரைக் காட்டுக்குள் யானையா செய்து வைத்தது? இரணைமடுவில் கற்காலத்துக் கருவிகள் எடுத்திருக்கிறார்கள். இலங்கைத் தொல்லியலில் ‘இரணைமடுப் படிவு’ என்று ஒரு மண் படிவுக்கே பெயர். முதலில் வந்தவர் யார் என்று தோண்டத் தொடங்கினால் கல் போதாது.

சரி, அவ்வளவு தூரம் வேண்டாம். எனக்கு நினைவு தெரிந்த காலத்துக்கே வருகிறேன்.

எங்கள் மேட்டுக்காணியில் ஒரு கிணறு இருக்கிறது. அதை வெட்டியவர் 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து மனைவி பிள்ளைகளுடன் வந்தவர். எங்களுக்கு அவர் மாமா. அடியில் பாறை வந்ததும் அலவாங்கால் குத்திக் குத்தி, நாளுக்கு ஒரு முழம்கூட இறங்காமல், ஒரு கோடை முழுக்க வெட்டினார். மாலையில் ஏறி வரும்போது உள்ளங்கைக் கொப்புளத்துக்கு அப்பம்மா நல்லெண்ணெய் ஊற்றுவா. ஆனால் தேத்தண்ணி மட்டும் அவருக்குத் தனிப் பேணியில்தான். சின்ன வயதில் அது எனக்குக் கண்ணில் படவில்லை. இப்போது அந்தப் பேணி தொங்கிய ஆணி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மீள்குடியேற்றத்தில் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை, நிலையைக்கூடக் கழற்றிப் போயிருந்தார்கள். கிணறு இருந்தது. மூன்று நாள் இறைத்துத் துப்புரவாக்கினோம். அந்த ஒழுங்கையில் தகரக் கொட்டில் போட்டிருந்த அத்தனை வீடும் அந்தத் தண்ணியில்தான் சமைத்தது.

அவரைப் போல வந்தவர்கள்தான் பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தருமபுரம் பக்கமெல்லாம் குடியிருந்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், பிறகு கலவரத்தில் அடித்துத் துரத்தினார்கள், இங்கே வந்தால் நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று ‘வடக்கத்தியான்’ என்றோம். யாழ்ப்பாணத்துக்குப் போனால் எங்களையே ‘வன்னியான்’ என்று ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அது எங்களுக்குச் சுடும். பரந்தன் சந்தி தாண்டித் திரும்பி வந்ததும் அதே பார்வையை வேறொருவர் மேல் வைப்போம். எங்கள் வயலில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அரிவி வெட்டியதும் அவர்கள்தான். ஆனால் இரணைமடுவில் கோடைகாலச் சிறுபோகத்துக்குத் தண்ணி குறைந்து பங்கு பிரிக்கிற கூட்டத்தில் அவர்களுக்குக் கதிரை இல்லை, ஏனென்றால் கடதாசி இல்லை. இப்போது கல்லிலும் இல்லை என்றால், அதே கூட்டத்தைத்தான் கல்லில் வெட்டி வைக்கிறோம்.

பெண்கள் கதையும் இதுதான். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம்தான். பெர்மிட்காரர் ஒருவரையும் நியமிக்காமல் கண் மூடினால் மகள்மாருக்கு முந்தி மகன்மார் என்றுதான் அந்தக் காணிச் சட்டம் இருந்தது, 2022இல்தான் திருத்தினார்கள். என் மாமி அப்பாவுக்கு மூத்தவ, வயலில் அப்பாவை விடக் கூட நின்றவ. காணி அப்பாவுக்கு வந்தது. அவ ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை; நாங்களும் கேட்டதில்லை.

நிலையத்தில் இதைச் சொன்னேன். ‘எல்லாரையும் போட்டால் பிறகு அது என்ன முதற்குடி, தம்பி?’ என்றார் ஒரு பெரியவர். நல்ல மனுசன்தான். கல்லு விலை வேறு, எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பெயர் வேண்டாம், ‘இக்குளத்தையும் இவ்வாய்க்கால்களையும் வெட்டியவர்களுக்கு’ என்று மேலே ஒரு வரியாவது போடுங்கள் என்று கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்கிற மாதிரித் தெரியவில்லை.

படிவம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். குடும்பத் தலைவர் கட்டத்தில் அப்பப்பாவுக்குப் பக்கத்தில் அப்பம்மாவின் பெயரையும் நெருக்கி எழுதிவிட்டேன். கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் வெட்டிய கிணற்றில் குடித்திருக்கிறோம், மாமாவின் முழுப் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாளைக்குக் காலமை பாரதிபுரம் போய் அவருடைய மகளிடம் கேட்க வேண்டும்.