ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்

ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய்ப் பகுதி சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சரிவராது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வயது மகளோடும் ஆறு வயது மகனோடும் போய் வந்த எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிள்ளைகள் தண்ணீரில் விழுந்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. கரையில் பெரும்பாலும் தடுப்பே கிடையாது. சில இடங்களில் இருக்கும் முழங்கால் உயரக் கம்பியும் கார்கள் தண்ணீரில் விழாமல் இருக்கப் போட்டது. வீடுகளை ஒட்டிய நடைபாதையில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். தண்ணீரைவிட சைக்கிளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். சத்தமே இல்லாமல் வந்து நிற்கும்.

ஆனால் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க அங்கே எவ்வளவு இருக்கிறது! 17ஆம் நூற்றாண்டு வீடுகளின் உச்சியில் ஒரு உத்தரமும் இரும்புக் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக இருப்பதால் கட்டில், பீரோவையெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். சாமான் சுவரில் இடிக்காமல் இருக்க பல வீடுகளின் முகப்பை முன்பக்கம் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மகன் ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரை முழுக்க அண்ணாந்து கொக்கி தேடிக்கொண்டே வந்தான்.

மகளுக்குப் பிடித்தது சிங்கல் கால்வாயில் மிதக்கும் பூனைக் காப்பகம். குறிப்பிட்ட நேரம் மட்டுமே திறந்திருக்கும், முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம், தள்ளுவண்டி மடக்கித் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். நிறுத்திவைத்த சைக்கிள்கள் பாதி நடைபாதையை அடைத்துக்கொள்கின்றன.