எலியாவுக்கு முதலில் வந்தது ரொட்டி

மனம் உடைந்த ஒருவருக்கு நம் சபைகளில் உடனே கிடைப்பது ஒரு வசனம். இப்போது அது பூப்படம் போட்டு, விடிகாலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வசனத்தில் பிழையில்லை. அனுப்பியதோடு தன் கடமை தீர்ந்தது என்று அனுப்பியவர் நினைப்பதுதான் பிழை. பவுல் தனக்கு ஆறுதல் எப்படி வந்தது என்று 2 கொரிந்தியர் 7:6இல் எழுதியிருக்கிறார்: ‘சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்.’ தீத்து என்ற மனுசன் பயணப்பட்டு நேரில் வந்து சேர்ந்தான். அதையே தேவன் தந்த ஆறுதல் என்கிறார் பவுல்.

1 இராஜாக்கள் 19ஐயும் எடுத்துப் பாருங்கள். கர்மேலில் அத்தனை பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். கூட இருந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறார். வந்த தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் விட்டான். பிறகு இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். ஓரேப் மலையில் கர்த்தரின் அந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு 40 நாள் கழித்து. அடுப்பில் சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு மலையேறுகிற நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதனால்தான், சாப்பாடு இறங்காமல், நித்திரை இல்லாமல் வாடிக் கிடக்கிற ஒரு பெண்ணை மூன்று நாள் உபவாசத்தில் போடுகிற வழக்கத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். பட்டினியில் நடுக்கமும் படபடப்பும் வரும், உள்ள நித்திரையும் கெடும். அதைப் பார்த்துவிட்டுப் பிசாசு வெளிப்படுகிறது என்று இன்னும் சத்தமாக ஜெபிக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் சீனி திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். உபவாசம் இருக்க வேண்டுமென்றால் ஜெபிக்கிறவர்கள் இருக்கட்டும். நோயாளி கஞ்சியாவது குடிக்கட்டும்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனிமையா, பக்கத்திலேயே இத்தனை பேர் இருக்கிறார்களே என்று வெளியே உள்ளவர்கள் கேட்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அதனாலேயே அங்கே வாய்விட்டு அழ முடிவதில்லை. அழுதால் விடியுமுன், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பேச்சாகிவிடும். புருசன் கொழும்பில், மகள் குவைத்தில், பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கிழவி. சுற்றிலும் சனம், மனசைச் சொல்லத்தான் ஆளில்லை. அப்படிப்பட்டவருக்குத் துதிப் பாட்டை விடப் புலம்பல் சங்கீதம்தான் முதலில் உதவும்.

13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் தாவீது ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தரம் கேட்கிறார்: எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று. மூன்றும் நான்கும் வேண்டுதல். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. ராத்திரி விளக்கை அணைக்குமுன் உதடு அசைகிற அளவுக்காவது சத்தமாக வாசியுங்கள். மனசுக்குள் வாசித்தால் இரண்டாம் வரியிலேயே கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘எதுவரைக்கும்’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: எதுவரைக்கும் இந்தக் கடன், எதுவரைக்கும் மகன் போன் எடுக்காமல் இருப்பான். ஐந்தாம் வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லையா, நான்கோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் நான்கோடே நின்றாலும் குற்றமில்லை. உணராத நம்பிக்கையைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பதில்தான் பலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள்.

நித்திரை வராத ராத்திரிக்கு 77 இருக்கிறது. தூங்கவிடாமல் என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர் என்று கடவுளிடமே முறையிடுகிறது. வீட்டுக் கூரையில் தனித்திருக்கும் குருவிபோல் ஆனேன் என்கிறவருக்கு 102. ஒன்றுமே விடியாது என்று தோன்றுகிறவருக்கு 88. அதன் 18 வசனங்களிலும் கடைசிவரை துதிக்குத் திரும்புகிற வரி கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபம் வேதத்தில் இடம்பெற்றிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சிலுவையில் இயேசு சொன்னதும் புலம்பல் சங்கீதம்தான், 22இன் முதல் வசனம். அவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொல்லமாட்டோம். பிறகு ஏன் அழுகிற அக்காவைச் சொல்கிறோம்?

எழுத வாசிக்கத் தெரியாத முதியவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வசனம் போதும்; பேரப்பிள்ளை தினமும் சொல்லிக்கொடுத்தால் மனப்பாடமாகிவிடும். கத்தோலிக்கக் குடும்பங்களில் செபமாலை இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் சொல்கிற துயர மறைபொருள்களில் முதலாவது கெத்செமனி. வார்த்தையே வராத மனசுக்கு விரலால் பத்து மணியைத் தள்ளுவதும் ஜெபம்தான்.

இனி, சந்திக்கப் போகிறவர்களுக்கு. இரண்டு பேர் போங்கள், பத்துப் பேர் வேண்டாம். பெண்ணைப் பார்க்கப் போனால் ஒரு பெண்ணாவது கூட வர வேண்டும். மைக், கீபோர்டு எதுவும் வேண்டாம். முழு லயத்துக்கும் அறிவித்தது போலாகிவிடும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அவர்கள் குளித்துத் தேத்தண்ணி குடிக்க நேரம் விடுங்கள். சமைத்த சாப்பாடு கொண்டுபோங்கள். பிஸ்கட் பக்கெட் கொண்டுபோனால் நமக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலையைத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறோம். ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘இருக்கோம் சாமி’ என்பதோடு முடிந்துவிடும். ‘நேத்து ராவு தூங்கினீங்களா அக்கா? காலையில என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதராகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனபோது கெட்டது.

காரணம் சொல்வதைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. மலையில் அப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று சொல்ல யாராவது ஒருவர் இருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13இல் இயேசுவே பேசினார். எருசலேமில் மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றார். அவர் மறுத்ததைச் சாவு வீட்டில் நின்று நாம் சொல்வது அநியாயம்.

சாவு நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் தவறு. கேட்கும்போதுதான் பலருக்கு மூச்சே வருகிறது. ‘ஆமா’ என்று சொன்னால் அன்று ராத்திரி அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களையும் மாத்திரைகளையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், ராப்பகலாக இயங்குகிறது. அவசரமென்றால் விடியும்வரை காத்திருக்காமல் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவசரமில்லாவிட்டாலும் துக்கம், நித்திரையின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டலும் தலை கிறுகிறுப்பும் வந்தவுடன் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் கொஞ்சம் சுகமானதும், ஜெபத்தில் குணமாயிட்டு என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். வருத்தம் திரும்பி வருகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற உரிமை எந்தப் போதகருக்கும் கிடையாது, அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். பவுலின் கடைசி நாட்களில் எல்லாரும் விட்டுப் போனபோது ‘லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்’ என்று எழுதினாரே, அந்த லூக்கா ஒரு வைத்தியர்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரையும் மறக்கக் கூடாது. குவைத், சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அட்டனில் ராத்திரி 9 மணிக்குக் குடும்ப ஜெபம் முடித்து வீடியோ கோல் எடுத்தால் அங்கே மாலை 6.30, அடுப்படியில் கை ஓயாத நேரம். அவளால் எடுக்க முடியாது, பிள்ளைகள் முகம் வாடும், இரண்டு பக்கமும் மனசு நோகும். கோல் வேண்டாம். பிள்ளைகள் 121ஆம் சங்கீதத்தை வாசித்துக் குரல் பதிவாக அனுப்பட்டும், எட்டே வசனம். படுக்கப் போகும்போது எத்தனை தரம் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம்.

தனிமையில் இருக்கிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘யாரும் என்னை எட்டிப் பார்க்கவில்லை’ என்று ஸ்டேட்டஸ் போட்டால் பார்க்கிறவர்கள் ‘ஆமென்’ போட்டுவிட்டுப் போவார்கள். பவுல் 2 தீமோத்தேயு 4இல் எப்படிக் கேட்டார் என்று பாருங்கள். சீக்கிரமாய் வா, மாற்குவையும் கூட்டிவா, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர். யார், எது, எப்போது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நீங்களும் ஒரே ஒருவருக்கு அப்படி அனுப்புங்கள்: ‘அண்ணே, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு வீட்டுப்பக்கம் வாங்க, கொஞ்ச நேரம் கதைக்கணும்.’ அவர் வந்து எழும்பிப் போகுமுன், அடுத்து எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.