பணம் கைமாறாவிட்டாலும் அது ஏற்றுமதிதான்

நேற்றிரவு அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். "காசுக்கு வித்தால்தானே ஏற்றுமதி? நாங்கள் குரங்கைக் குடுத்துட்டுச் சாமான் எடுக்கிறம். பண்டமாற்றுக்கு என்னத்துக்கு இவ்வளவு சட்டம்?" என்று ஒருவர் கேட்டார். கூட இருந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. கொழும்பில் இத்தனை வருடமாகச் சூழலியலாளர்கள் தொண்டை கிழியச் சொன்னது எல்லாம் எங்கே போயிற்று?

பண்டமாற்றும் ஏற்றுமதிதான். அருகிவரும் காட்டு விலங்கு, தாவரங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது. அதில் 'வர்த்தகம்' என்றால் ஏற்றுமதி, மீள் ஏற்றுமதி, இறக்குமதி, கடலிலிருந்து கொண்டுவருதல். இவ்வளவுதான். விலை, காசு என்ற பேச்சே அந்த வரையறையில் இல்லை. விலங்கு எல்லையைக் கடந்தால் அது வர்த்தகம். அதன் முதலாம் பின்னிணைப்பில், அதாவது மிகக் கூடிய பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள யானை, நட்சத்திர ஆமை போன்றவற்றுக்கு இன்னும் இறுக்கம்: காசாகவோ வேறு விதமாகவோ பொருளாதார நன்மை தேடுவது வணிக நோக்கமே, பண்டமாற்றும் அதற்குள் அடங்கும் என்று உறுப்பு நாடுகளின் தீர்மானமே சொல்கிறது.

இவர்கள் மாற்றப் பேசும் செங்குரங்கு இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. வணிகத்துக்கும் அனுப்பலாம், ஆனால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கொடுப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். கொடுக்குமுன் மூன்று விடயங்கள் உறுதியாக வேண்டும். விலங்கு சட்டப்படி பிடிக்கப்பட்டது. காயமோ நோயோ வராத முறையில் அனுப்பப்படுகிறது. இந்த எண்ணிக்கையை எடுத்தாலும் காட்டில் அந்த இனத்துக்குக் கேடு வராது. கடைசியானதைச் சொல்ல வேண்டியது, உடன்படிக்கைப்படி அதற்கென்றே நியமிக்கப்படும் விஞ்ஞான அதிகாரசபை. அமைச்சரோ, விவாதத்துக்கு வந்தவரோ அல்ல. இந்த மூன்றில் எது பண்டமாற்று என்றவுடன் தேவையில்லாமல் போகிறது?

"குரங்கு இலட்சக்கணக்கில் இருக்கிறதே" என்பார்கள். 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்க மக்கள் தங்கள் காணிகளில் எண்ணினார்களே, அதைக் காட்டுவார்கள். பயிர்ச்சேதத்தின் பரப்பை அறிய அது ஏதோ உதவலாம். ஆனால் ஒரே கூட்டத்தை மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு வீட்டார் எண்ணியிருப்பார்கள். செங்குரங்கில் மூன்று துணையினங்கள். நுவரெலியாப் பக்கத்து மலைநாட்டுத் துணையினத்துக்கு இருப்பதே சிறிய வாழ்விடம். மொத்தத் தொகையைக் காட்டி அதையும் கூண்டில் அடைக்க முடியாது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு ஐயூசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம்) செம்பட்டியலில் அருகிவரும் இனம்.

2023இல் சீனாவுக்கு ஒரு இலட்சம் குரங்கு என்று பேசப்பட்டதை மறந்துவிட்டோமா? நாளுக்கு 50 பிடித்தாலும் 2,000 நாள், ஐந்து வருடத்துக்கு மேல். ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி காற்றோட்டமுள்ள பெட்டிகள் வேண்டும். தனிமைப்படுத்தல், காசநோய்ப் பரிசோதனை, மிருக வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். கேட்டதாகச் சொல்லப்பட்ட நாட்டின் தூதரகமே தனக்குத் தெரியாது என்றது. கடைசியில் ஏற்றுமதி இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சொல்லி முடித்தார்கள்.

பண்டமாற்றில் கள்ளம் எங்கே நுழையும் என்பதையும் சொல்கிறேன். அனுமதிப்பத்திரத்தில் நோக்கத்துக்கு ஒரு குறியீடு, மூலத்துக்கு ஒரு குறியீடு. வணிகத்துக்கு 'டி' (T), விலங்குக்காட்சிச்சாலைக்கு 'இசட்'. சாமானுக்கு மாற்றாகப் போவதை 'இசட்' என்று போட்டால் பார்ப்பவருக்கு நல்ல காரியமாகத் தெரியும். காட்டில் பிடித்தது 'டபிள்யூ', கூண்டில் இனப்பெருக்கியது 'சி'. காட்டில் பிடித்த பல்லியைச் 'சி' ஆக்குவது பழைய வித்தை. நக்கிள்ஸ் மலையின் கொம்பற்ற குட்டை ஓணானையும் கொம்பு ஓணான்களையும் 2019இல் நாமே கேட்டுப் பின்னிணைப்புகளில் சேர்த்தது சேகரிப்பாளர்களின் கைகளில் அவை மாறிக்கொண்டிருந்ததால்தான். 

அடுத்தது பெறுமதி. விற்றால் விலைப்பட்டியல் இருக்கும். மாற்றினால் இல்லை. சுங்கப் பிரகடனத்தில் ஏதோ ஒரு தொகை எழுதத்தான் வேண்டும்; குறைத்து எழுதினால் கேட்க ஆளில்லை. ஏற்றும்போது சுங்க அதிகாரி உண்மையான எண்ணிக்கையை எழுதி முத்திரையிடும் கட்டம் ஒன்று பத்திரத்தில் உண்டு. அது வெறுமையாகக் கிடந்தால் ஆறு மாதச் செல்லுபடிக் காலம் முடியும்வரை அதே பத்திரத்தை இன்னொரு தடவை நீட்டலாம். ஆகவே பண்டமாற்றுக்குக் கட்டுப்பாடு கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது.

"1952இல் இறப்பருக்கு அரிசி வாங்கவில்லையா, ஈரானுக்குத் தேயிலை போகவில்லையா?" என்று பின்னூட்டத்தில் வரும், தெரியும். வாங்கினோம். சீனாவுடன் ஐந்து வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர், 270,000 தொன் அரிசி, விலை உட்பட எழுத்தில் இருந்தது. ஈரானுக்கு நாம் கட்ட வேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடன், மாதம் 5 மில்லியனுக்குத் தேயிலை என்று 2021இல் எழுதித்தான் கையெழுத்திட்டார்கள். அந்தப் பண்டமாற்றுகளுக்கே கணக்கு இருந்தது. உயிருள்ளதற்கு வேண்டாமா?

இன்னொரு பேச்சு, "உங்களுக்கு விவசாயியின் கஷ்டம் தெரியாது." இதுதான் மனதைச் சுடுகிறது. குருநாகலில், மாத்தளையில் ஒரு கூட்டம் தோட்டத்துக்குள் இறங்கினால் குரும்பையைப் பிடுங்கி எறியும், இளநீரைக் கடித்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போடும். அந்த மனிதனின் ஒரு வருட வருமானமே அதில் போகிறது. அவனுக்கு நட்டஈடு வேண்டும், வேலிக்கு உதவி வேண்டும், ஊர்க் குப்பைமேடு மூடப்பட வேண்டும். ஏற்றுமதி அவனுக்கு என்ன செய்யும்? இந்தக் குரங்கில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், ஆண்கள்தான் வெளியேறும். ஒரு கூட்டத்தை முழுக்கப் பிடித்தால் பக்கத்துக் கூட்டம் அந்த இடத்துக்கு வரும். பாதியைப் பிடித்தால் மிஞ்சியவற்றுக்குத் தீனி கூடுதல். தென்னை அப்போதும் தப்பாது.

வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறோம் என்றும் அதே ஆள் அந்த நிகழ்ச்சியில் சொன்னார். சொல்லட்டும். அவர் பேசுகிற அந்தப் பண்டமாற்றுக்கு விஞ்ஞான அதிகாரசபையின் அறிக்கை எங்கே, அனுமதிப்பத்திரத்தில் எந்தக் குறியீடு, சுங்கத்தில் எந்தப் பெறுமதி? இந்த மூன்று தாளையும் பொதுவில் போட்டுவிட்டு என் சட்டைப்பையைச் சோதிக்கட்டும்.