ஒப்புதல் படிவம் மன்னிப்புச் சீட்டு அல்ல
“அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி இழப்பீடு கேட்க முடியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது சிகிச்சைக்குத் தந்த சம்மதம், அலட்சியத்துக்குத் தந்ததல்ல. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணின் கருப்பையையே எடுத்துவிட்ட வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. உயிர் காக்கும் அவசரம் வேறு, அப்போது சம்மதமின்றியும் சிகிச்சை செய்யலாம்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வழக்கறிஞர்கூடக் கட்டாயமில்லை. ஆனால் சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியமாகாது (இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்). நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்முடையது. எனவே முதலில் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும்.